மலைநாட்டுக் கிராமங்களுக்கு முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

சமவெளியில் பழகியவர்களுக்குத் தூரம் என்பது கிலோமீட்டர்தான். ஐம்பது கிலோமீட்டர் என்றால் ஒரு மணி நேரம் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடும். மலைப்பகுதிக்குள் நுழைந்தவுடன் முதலில் பொய்த்துப்போவது இந்தக் கணக்குத்தான். ஒருமுறை மாலை வேளையில் நான் ஒரு மேட்டில் நின்றபோது, இரவு தங்கவேண்டிய ஊரின் விளக்குகள் எதிர்ச்சரிவில் கண்ணுக்கு நேரே எரிந்துகொண்டிருந்தன. கூப்பிடு தூரத்தில் இருப்பதுபோல் தெரிந்த அந்த ஊரை, பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கிப் பாலத்தைக் கடந்து மறுபக்கம் வளைந்து வளைந்து ஏறி அடைவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து மலைப்பயணத்தைத் திட்டமிடும்போது நான் இரண்டு கேள்விகளை மட்டுமே முன்வைத்துக்கொள்கிறேன்: எத்தனை மணி நேரம் ஆகும், அதற்குள் வெளிச்சம் இருக்குமா? கீழே வரும் படிகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் இந்த இரண்டு கேள்விகளுக்கான விடைகள்தாம்.

முதல் படி: வரைபடத்தில் மூன்று அடுக்குகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பெரும்பாலான மலைநாட்டுப் பகுதிகளைச் சுற்றி மூன்று வகை ஊர்கள் இருக்கும். விமான நிலையமோ பெரிய ரயில் நிலையமோ கொண்ட நகரம் ஒன்று சற்றுத் தள்ளி இருக்கும். சமவெளி முடிந்து ஏற்றம் தொடங்கும் இடத்தில் அடிவார ஊர் ஒன்றோ இரண்டோ இருக்கும். அதற்கு மேலே சிறு சிறு கிராமங்கள் சிதறிக் கிடக்கும். இந்த மூன்றுக்கும் பயணத்தில் வெவ்வேறு வேலைகள் உண்டு. நகரம் நீங்கள் வந்து இறங்கும் இடம். பெரிய மருத்துவமனையும் வண்டி வாடகை நிலையங்களும் அங்குதான் இருக்கும். எரிபொருள், பணம், மருந்து, வண்டி பழுதுபார்ப்பு ஆகிய தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளக் கடைசி வாய்ப்பு அடிவார ஊர். கிராமம் நீங்கள் பார்க்கவந்த இடம். அங்கே எது கிடைக்கும் என்று எதிர்பார்த்துச் செல்வதைவிட, எதுவும் கிடைக்காது என்று வைத்துக்கொண்டு செல்வது நல்லது.

பிறகு சாதாரணச் சாலை வரைபடத்தை மூடிவிட்டு, சமஉயரக் கோடுகள் உள்ள நிலவடிவ வரைபடம் ஒன்றைத் திறந்து பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும் புள்ளிகளை இணைக்கும் கோடுகள் அவை. அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு இடையே எத்தனை மீட்டர் உயர வேறுபாடு என்பது வரைபடத்தின் ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்கும். கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்து, விலகியிருந்தால் தரை ஏறக்குறைய சமம். 1774-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையை வைத்துப் பூமியின் அடர்த்தியைக் கணக்கிடும் முயற்சி நடந்தது. அதன் அளவீடுகளைக் கையாண்ட கணித அறிஞர் சார்ல்ஸ் ஹட்டன், சிதறிக் கிடந்த உயரப் புள்ளிகளை இத்தகைய கோடுகளால் இணைத்தபோது மலையின் உருவம் காகிதத்திலேயே தெளிந்தது. இன்று கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் பல வரைபடச் செயலிகள் இதே கோடுகளைக் காட்டுகின்றன. போகும் வழியில் சாலை எத்தனை கோடுகளைக் குறுக்காகக் கடக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தாலே, கிலோமீட்டர் எண் மறைத்துவைத்திருந்த ஏற்றம் எவ்வளவு என்பது புரிந்துவிடும்.

இரண்டாம் படி: மலையின் எந்தப் பக்கம், எந்தப் பருவம்

ஈரக்காற்று மலைத்தொடரில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. மறுபக்கம் இறங்கும்போது வெப்பமடைந்து வறண்டுவிடுகிறது. ஆகவே ஒரே மலையின் இருபுறமும் உள்ள இரண்டு அடிவார ஊர்கள், ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தாலும், மழை அளவில் இருவேறு நாடுகளைப்போல் இருக்கக்கூடும். ஒரு பக்கம் பசுமையும் அருவியும் சேறும் என்றால், மழைமறைவுப் பக்கம் தெளிந்த வானமும் புழுதியும். பயணத் தேதியை மாற்ற முடியாதவர்கள் பக்கத்தையாவது மாற்றலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மழைக்காலத்தில் செல்பவர்கள் வறண்ட பக்கத்து ஊரில் தங்கி, வானம் தெளிந்த நாளில் மட்டும் மறுபக்கம் சென்று வருவது என் கணிப்பில் சிறந்த ஏற்பாடு. அடைமழைக் காலத்தில் மலைச்சாலையில் மண் சரிவதும் மரம் விழுவதும் வழக்கம் என்பதால், அந்தப் பருவத்தில் மலைக்கு ஏற ஒரே ஒரு சாலை மட்டும் உள்ள கிராமத்தைத் தேர்ந்தெடுக்காமல், வெளியேற இரண்டாவது வழியும் உள்ள ஊரைத் தேடுங்கள்.

குளிரைப் பொறுத்தவரை ஒரு எளிய கணக்கு உண்டு. சராசரியாக ஒவ்வொரு 1000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. 300 மீட்டர் உயரத்தில் உள்ள அடிவார ஊரில் 32 டிகிரி என்றால், 1300 மீட்டர் உயரத்தில் உள்ள கிராமத்தில் 25 அல்லது 26 டிகிரிதான் இருக்கும். இரவில் இன்னும் குறையும், காற்று அடித்தால் உடல் உணரும் குளிர் அதைவிடக் கூடும். வானிலை முன்னறிவிப்பில் நகரத்தின் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் துணி எடுத்துவைப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். முன்னறிவிப்பு நகரத்தின் உயரத்துக்கு உரியது. உங்கள் உயரத்துக்கு அல்ல.

மூன்றாம் படி: எங்கே தங்குவது

அடிவாரத்தில் தங்கிப் பகலில் மட்டும் மலைக்கு ஏறி இறங்குவதா, மலைக் கிராமத்திலேயே தங்குவதா என்பதுதான் புதியவர்கள் எடுக்கவேண்டிய பெரிய முடிவு. அடிவாரத்தில் வசதிகள் அதிகம், வாடகைக்கு வண்டி எளிதில் கிடைக்கும், திடீரென்று உடல்நலம் குன்றினால் மருத்துவரும் பக்கத்தில் இருப்பார். ஆனால் ஒவ்வொரு நாளும் இரண்டு முறை வளைவுகளைக் கடக்கவேண்டும். அதற்கே மூன்று மணி நேரம் போய்விட்டால், மலையில் இருப்பதைவிடச் சாலையில் இருக்கும் நேரமே மிகுதியாகும். கிராமத்தில் தங்கினால் விடியற்காலையும் அந்தியும் உங்களுக்குச் சொந்தம். மலையின் அழகில் முக்கால் பங்கு அந்த இரண்டு வேளைகளில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

முதல்முறை செல்பவர்களுக்கு நான் சொல்வது இரண்டும் கலந்த ஏற்பாடு. வந்து சேரும் நாள் இரவை அடிவார ஊரில் கழியுங்கள். நெடும்பயணக் களைப்போடு, பழக்கமில்லாத மலைச்சாலையில், இருட்டியபின் ஏறவேண்டிய நிலை வராமல் இருப்பதற்காகவே இந்த ஒரு இரவு. மறுநாள் காலையில் கடைவேலைகளை முடித்துக்கொண்டு மேலேறி, மலைக் கிராமம் ஒன்றில் குறைந்தது இரண்டு அல்லது மூன்று இரவுகள் தங்குங்கள். ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு கிராமம் என்று பட்டியல் போடுபவர்கள் மூட்டையைக் கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் நாள்களை இழக்கிறார்கள்.

தங்குமிடத்தை முன்பதிவு செய்யும்போது நிழற்படங்களைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அங்கிருப்பவரிடம் சில நேரடிக் கேள்விகளைக் கேளுங்கள். வண்டி வாசல்வரை வருமா, இல்லை எவ்வளவு தூரம் நடந்து ஏறவேண்டும்? இரவில் வெந்நீரும் போதிய கம்பளியும் உண்டா? மின்வெட்டு வந்தால் மாற்று ஏற்பாடு என்ன? எந்த நிறுவனத்தின் கைபேசி இணைப்பு அங்கே எடுக்கும்? உணவை முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டுமா? கடைசிக் கேள்வியை அலட்சியப்படுத்தி, இரவு எட்டு மணிக்குப் பசியோடு போய் நின்று, அடுப்பு அணைந்துவிட்டது என்ற பதிலைக் கேட்டவன் நான்.

2500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் தங்க நினைப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை தேவை. அந்த உயரத்துக்கு மேல் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று உயரநோய் தொடங்கக்கூடும். 3000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பதும், மூன்று அல்லது நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுப்பதும் மருத்துவர்கள் தரும் அறிவுரை. அறிகுறிகள் முற்றினால் உடனே கீழே இறங்குவதுதான் முதன்மையான மருத்துவம். சாதாரண மலைக் கிராமங்கள் பெரும்பாலும் இந்த உயரத்துக்குக் கீழேதான் இருக்கின்றன என்பதால் மற்றவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

நான்காம் படி: அடிவார ஊரில் முடிக்கவேண்டியவை

எரிபொருள் கலனை நிரப்பிக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் வண்டி வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குடிக்கும். கையில் ரொக்கப் பணம், அதிலும் சில்லறையாக, வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு இல்லாத இடத்தில் கைபேசிப் பணப் பரிமாற்றம் நடக்காது. வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளைத் தங்கும் நாள்களைவிட இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். சாலை அடைபட்டால் அந்த இரண்டு நாள் மருந்து பெரிய நிம்மதியைத் தரும். தங்குமிடத்தில் நல்ல வைஃபை கிடைக்கும்போதே, செல்லவிருக்கும் முழுப் பகுதியின் வரைபடத்தையும் கைபேசியில் பதிவிறக்கி வைத்துவிடுங்கள். இருப்பிடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். வசதி செயற்கைக்கோள்களிலிருந்து நேரடியாகச் சமிக்ஞை பெறுவதால் அதற்குக் கைபேசிக் கோபுரம் தேவையில்லை. ஆனால் அடியில் வரைபடம் இல்லாவிட்டால் வெற்றுத் திரையில் ஒரு புள்ளி மட்டும் நகர்ந்துகொண்டிருக்கும்.

இணைப்பு இல்லாத இடத்தில் கைபேசி ஓயாமல் கோபுரத்தைத் தேடுவதால் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். குளிர் அதை மேலும் குறைக்கும். விமானப் பயண நிலையில் வைத்து, உடலோடு ஒட்டிய பையில் போட்டுக்கொண்டால் ஒரு நாள் முழுவதும் தாங்கும். பவர் பேங்க் ஒன்றும், கைபேசியை நம்பாத தனி டார்ச் விளக்கு ஒன்றும் கட்டாயம் வேண்டும். துணிகளைப் பொறுத்தவரை, தடித்த ஒரே கம்பளிச் சட்டையைவிட மெல்லிய இரண்டு மூன்று அடுக்குகள் மேல். ஏறும்போது ஒன்றைக் கழற்றி, நிற்கும்போது அணிந்துகொள்ளலாம். பருத்தித் துணி நனைந்தால் எளிதில் காயாமல் உடல் வெப்பத்தை உறிஞ்சிவிடும் என்பதால், நடைப்பயணத்துக்கு உள்ளாடையாகக்கூட அது உகந்ததன்று. மேலே செல்லச் செல்லப் புற ஊதாக் கதிர்களின் வலிமை 1000 மீட்டருக்குச் சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. குளிராக இருப்பதால் வெயில் சுடவில்லை என்று நினைத்துத் தொப்பி போடாமல் திரிந்தவர்களை மறுநாள் அவர்களின் மூக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

ஐந்தாம் படி: மலைச்சாலையில் ஏறுவதும் இறங்குவதும்

புதியவர்கள் ஏற்றத்தைக் கண்டு அஞ்சுகிறார்கள், அஞ்சவேண்டியது இறக்கத்துக்குத்தான். ஏறும்போது வண்டி திணறினால் அது நின்றுபோகும், அவ்வளவுதான். இறங்கும்போது பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால், உராய்வினால் அதன் பாகங்கள் சூடேறி, ஒரு கட்டத்துக்குமேல் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காமல் போய்விடும். இதைத் தவிர்க்கும் வழி எளிது. எந்தக் கியரில் அந்தச் சரிவில் ஏறியிருப்பீர்களோ அதே கியரிலேயே இறங்குங்கள். என்ஜினே வண்டியின் வேகத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும். தானியங்கிக் கியர் வண்டிகளிலும் தாழ்ந்த கியரைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. அது எந்த எழுத்தால் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை வாடகைக்கு எடுக்கும் இடத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் உருட்டிவிடுவது உயிரோடு விளையாடுவது. பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்காமல், தேவைப்படும் இடத்தில் அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். கருகும் வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, தானாகக் குளிரும்வரை காத்திருங்கள். சூடான பாகங்கள்மீது தண்ணீர் ஊற்றினால் அவை வளைந்தோ வெடித்தோ போகலாம்.

கொண்டை ஊசி வளைவுகளில் திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துக் கியரை மாற்றிவிடவேண்டும். வளைவுக்கு நடுவில் கியர் மாற்றப் போனால் வண்டி பின்னுக்கு உருளும். எதிரில் வருவது தெரியாத திருப்பங்களில் ஹார்ன் அடித்து, உங்கள் பாதிச் சாலையைவிட்டு அணுவளவும் விலகாதீர்கள். பேருந்தும் லாரியும் வளைவை முழுமையாக அகலமெடுத்துத்தான் திரும்ப முடியும் என்பதால், அப்படியொன்று வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்று வழிவிடுவதுதான் விவேகம். ஒரே வண்டி மட்டும் செல்லக்கூடிய குறுகிய சரிவுகளில் மேலேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி இடம் கொடுப்பது பெரும்பாலான நாடுகளில் உள்ள நடைமுறை. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் கிளப்புவது கடினம் என்பதே அதன் காரணம். அத்தகைய சாலைகளில் ஆங்காங்கே விட்டிருக்கும் அகன்ற இடங்கள் எதிர்வண்டிக்கு ஒதுங்குவதற்கு உரியவை. காட்சி பார்க்கவோ படம் எடுக்கவோ அங்கே வண்டியை நிறுத்திவைத்தால் அந்தச் சாலையையே அடைத்துவிட்டதாகப் பொருள்.

வயிற்றைப் புரட்டும் வளைவுகள் பலருடைய முதல் அனுபவத்தைக் கெடுத்துவிடுகின்றன. கண் அசைவில்லை என்கிறது, உட்காது அசைவு என்கிறது; இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் பிறக்கிறது. முன்னிருக்கையில் அமர்ந்து, கைபேசியைப் பார்க்காமல், தூரத்துச் சாலையில் கண்ணைப் பதித்து, ஜன்னலைச் சற்றுத் திறந்துவைத்தால் பாதித் தொல்லை குறையும். மாத்திரை தேவைப்படுபவர்கள் குமட்டல் தொடங்கியபின் விழுங்கிப் பயனில்லை. மருத்துவரைக் கேட்டுப் புறப்படுவதற்கு முன்பே எடுத்துக்கொள்ளவேண்டும். அத்தகைய மாத்திரைகளில் பல உறக்கத்தைத் தருபவை என்பதால் வண்டி ஓட்டுபவர் அவற்றைத் தொடக்கூடாது. காது அடைத்துக்கொண்டால் எச்சில் விழுங்குவதும் கொட்டாவி விடுவதும் போதும். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தால் அதன் காதும் தெளிந்துவிடும்.

பேருந்தில் செல்பவர்களுக்கு இந்தப் பகுதியில் சொல்லவேண்டியது ஒன்றே: மலைக்கு ஏறும் முதல் பேருந்தைவிட, மலையிலிருந்து இறங்கும் கடைசிப் பேருந்தின் நேரம்தான் முக்கியம். அதைக் கால அட்டவணையில் மட்டும் பார்க்காமல், ஏறிய பேருந்தின் நடத்துநரிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கடைசிப் பேருந்தை நம்பித் திட்டமிடாமல் அதற்கு முந்தையதை உங்கள் பேருந்தாக வைத்துக்கொண்டால், கடைசிப் பேருந்து ஒரு கையிருப்பாக இருக்கும்.

ஆறாம் படி: ஒவ்வொரு நாளையும் மாலையிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

நகரச் சுற்றுலாவில் காலையிலிருந்து தொடங்கி இடங்களை அடுக்குவோம். மலையில் அந்தி நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடவேண்டும். முதலில், சூரியன் எப்போது மறையும் என்று பாருங்கள். நாள்காட்டியில் உள்ள மறைவு நேரம் தடையில்லாத தொடுவானத்துக்கு உரியது. பள்ளத்தாக்கில் இருப்பவருக்கு மேற்கே உள்ள மலைமுகடுதான் தொடுவானம். கையை நேராக நீட்டி மூடிய முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. சூரியன் வானத்தில் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. ஆகவே மேற்கு முகடு தொடுவான மட்டத்திலிருந்து இரண்டு முஷ்டி உயரம் இருந்தால், உங்கள் ஊரில் வெயில் குறைந்தது 80 நிமிடம் முன்னதாகவே போய்விடும். வெளிச்சம் சிறிது நேரம் தங்கியிருந்தாலும், வெயில் விலகிய கணத்திலேயே குளிர் இறங்கத் தொடங்கும்.

அந்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே தங்குமிடத்தை அடைந்துவிடவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து திரும்பி வரும் பயண நேரத்தைக் கழியுங்கள். மலைச்சாலையில் மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் என்று கணக்கிடுவது பாதுகாப்பானது. 40 கிலோமீட்டர் என்றால் ஒன்றரை மணி நேரம். வரைபடச் செயலி அதைவிடக் குறைத்துக் காட்டினால் செயலியை நம்பாதீர்கள். மாடுகளும் மண்சரிவும் முன்னால் ஊர்ந்து செல்லும் லாரியும் அதன் கணக்கில் முழுமையாக வருவதில்லை. இப்படிக் கழித்தபின் மிஞ்சும் நேரத்தில் இரண்டு இடங்கள் பார்க்க முடிந்தால் அது நல்ல நாள். ஒரு நாளைக்கு ஐந்து இடங்கள் என்று திட்டமிட்டு வருபவர்கள் ஐந்து வாகன நிறுத்துமிடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

காலையைச் சீக்கிரம் தொடங்குவதற்கு வானிலையும் ஒரு காரணம். இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவு வழியே பள்ளத்தில் இறங்கித் தேங்குவதால், விடியலில் பள்ளத்தாக்கு மூடுபனியில் கிடக்கும், முகடுகள் தெளிவாக இருக்கும். வெயில் ஏற ஏறப் பனி கலைந்துவிடும். ஆனால் சூடான காற்று மேலெழும்பிப் பிற்பகலில் மேகங்களை அடுக்கி இடிமழையாக இறக்கும். ஆகவே உயரமான காட்சிமுனைகளை அதிகாலையிலும், அருவி, சந்தை, கோயில், கிராமத்துத் தெரு போன்ற தாழ்ந்த இடங்களை முற்பகலுக்குப் பின்னும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: நடந்து செல்லும்போது

மலை நடைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நைஸ்மித் 1892-இல் ஒரு விதியை வகுத்தார். இன்றைய அளவில் சொன்னால், ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். 10 கிலோமீட்டர் நடையில் 600 மீட்டர் ஏற்றம் இருந்தால் மூன்று மணி நேரம். இது பழகிய கால்களுக்கான கணக்கு. ஓய்வும் உணவும் படம் எடுப்பதும் இதில் சேராது. முதல்முறை நடப்பவர்கள் விடையை ஒன்றரை மடங்காக்கிக்கொள்வது என் பரிந்துரை. குழந்தைகள் உடன் வந்தால் இரண்டு மடங்கு. இறக்கத்தில் நேரம் மிச்சமாகும் என்று எண்ணவேண்டாம். களைத்த தொடையும் முழங்காலும் இறங்கும்போதுதான் தடுமாறும், வழுக்கி விழுவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

புதுக் காலணியோடு நீண்ட நடைக்குப் போகாதீர்கள். முன்கூட்டியே இரண்டு வாரம் வீட்டருகில் அணிந்து நடந்து பழக்குங்கள். கால்விரல் நகங்களை வெட்டிக்கொள்வது சிறு விஷயமாகத் தோன்றும். நீண்ட இறக்கத்தில் விரல் காலணியின் முனையில் ஆயிரம் முறை இடிபட்டபின் அதன் அருமை புரியும். கிளம்புமுன் தங்குமிடத்தில் ஒருவரிடம் எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், வராவிட்டால் எப்போது தேடத் தொடங்கவேண்டும் என்று சொல்லிவிட்டுச் செல்லுங்கள். உள்ளூர் வழிகாட்டி கிடைத்தால் கட்டணம் கொடுத்து அழைத்துச் செல்வதில் தயங்காதீர்கள். வரைபடத்தில் இல்லாத ஒற்றையடிப் பாதையும், நேற்றைய மழையில் உடைந்த பாலமும் அவருக்குத்தான் தெரியும். காப்புக்காடுகளுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது பல நாடுகளில் குற்றம் என்பதால், சோதனைச் சாவடியிலோ வன அலுவலகத்திலோ விசாரித்துக்கொள்ளுங்கள்.

வழி தவறிவிட்டதாக உணர்ந்தால், ஓடையைத் தொடர்ந்து கீழே இறங்கினால் ஊர் வரும் என்ற பழைய நம்பிக்கையைப் பின்பற்றாதீர்கள். மலையோடைகள் செங்குத்தான பாறைகளிலும் அருவிகளிலும் போய் விழுகின்றன; இறங்கியவர் மேலும் இறங்க முடியாமல், ஏறவும் முடியாமல் மாட்டிக்கொள்வார். நின்று, உறுதியாகத் தெரிந்த கடைசி இடம்வரை வந்த வழியே திரும்புங்கள். அதுவும் முடியாதபடி இருட்டிவிட்டால் காற்று படாத இடத்தில் உட்கார்ந்து விடியலுக்குக் காத்திருப்பது மேல்.

எட்டாம் படி: மின்னலும் வெள்ளமும்

மின்னல் தெரிந்து 30 வினாடிக்குள் இடி கேட்டால், மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்ற ஒலியின் கணக்குப்படி, புயல்மேகம் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்த மின்னல் உங்கள் அருகிலேயே இறங்கக்கூடும். முகடு, தனிமரம், திறந்த புல்வெளி ஆகியவற்றை விட்டு விலகி, கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்தபின்பே வெளியே வாருங்கள்.

வெள்ளம் மின்னலைவிட வஞ்சகமானது. மேலே எங்கோ பெய்த மழை, வானம் தெளிந்திருக்கும் உங்கள் ஓடையில் திடீரென்று வந்து சேரும். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ உடனே கரையேறுங்கள். வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே வளர்ந்தவர் ஒருவரைத் தள்ளிவிடும். 30 சென்டிமீட்டர் சிறிய காரை நகர்த்தும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். தரைப்பாலத்தின்மேல் நீர் ஓடினால், எதிரே ஒரு வண்டி கடந்து வந்தாலும் நீங்கள் காத்திருங்கள். மலையோடைகளின் வெள்ளம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

ஒன்பதாம் படி: உதவி தேவைப்பட்டால்

செல்லும் நாட்டின் அவசர எண்ணை வருமுன்பே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 112 என்ற எண் பல நாடுகளில் செல்லும். பல இடங்களில் உங்கள் நிறுவனத்தின் இணைப்பு இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாக அவசர அழைப்பு போய்ச்சேரும் என்பதால், திரையில் இணைப்பு இல்லை என்று கண்டாலும் ஒருமுறை முயன்று பாருங்கள். பேச முடியாவிட்டால் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அழைப்புக்குப் போதாத பலவீனமான இணைப்பில்கூட அது சென்றுவிடும். ஜி.பி.எஸ். காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைச் செய்தியில் சேருங்கள். எதுவும் இல்லாத நிலையில், ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலிருந்து பரவிய பழைய முறை ஒன்று உண்டு: விசிலாலோ விளக்காலோ ஒரு நிமிடத்தில் ஆறு முறை சமிக்ஞை கொடுத்து, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் தொடரவேண்டும். நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் உங்களைக் கண்டுகொண்டார்கள் என்று பொருள். ஒரு விசில் சில கிராம் எடைதான். குரலைவிடத் தூரம் போகும், தொண்டை கட்டாது.

கிராமத்தில் இருக்கும் நாள்களில்

வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தே விடுங்கள், மூடியிருந்தால் கடந்தபின் மூடுங்கள். அதன் பின்னால் ஒருவருடைய கால்நடைகள் இருக்கின்றன. பயிர்நிலத்தின் குறுக்கே நடக்காமல் வரப்போரம் செல்லுங்கள். மனிதர்களைப் படமெடுக்குமுன் கேளுங்கள். குப்பை வண்டி வராத ஊர்களில் நீங்கள் விட்டுச்செல்லும் நெகிழிப் புட்டி அங்கேயே பல ஆண்டுகள் கிடக்கும் என்பதால், கொண்டுபோனதை அடிவாரம்வரை திருப்பிக் கொண்டுவாருங்கள். நீரூற்றில் சோப்புப் போட்டுக் குளிக்கவேண்டாம். கீழே உள்ள வீடுகளுக்கு அதுவே குடிநீராக இருக்கலாம்.

புல்லும் புதரும் நிறைந்த பாதையில் நடந்து வந்தால், அன்றிரவே முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் ஆகிய இடங்களில் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுண்ணிடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்கவேண்டும். எண்ணெய் ஊற்றுவதும் சுடுவதும் கூடாது.

கடைசிப் படி: இறங்கி வரும் நாள்

ஊர் திரும்பும் விமானத்தையோ ரயிலையோ, மலையிலிருந்து இறங்கும் அதே நாளில் வைக்காதீர்கள். ஒரு மரம் சாலையில் விழுந்தால் அரை நாள் போய்விடும். இறங்கும் நாள் காலையில் தங்குமிடத்தாரிடமும் முதல் பேருந்து ஓட்டுநரிடமும் சாலை நிலவரத்தைக் கேட்டுவிட்டு, வெளிச்சம் நன்றாக வந்தபின், பிரேக்கை ஒருமுறை சமதரையில் சோதித்துக்கொண்டு கிளம்புங்கள். மேலிருந்து கொண்டுவந்த குப்பையை அடிவார ஊரில் போட்டுவிட்டு, வாடகை வண்டியின் சக்கரங்களில் இருந்த சேற்றைக் கழுவி, அன்றிரவு நகரத்தில் தங்கி, மறுநாள் பயணத்தைத் தொடருங்கள்.